அழிக்காத சிலேட்டு

எங்கள் ஊரில் பால்வாடி திறந்தது 1982 ஜூலையில். எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைக் கிராமங்களில் தொடங்கிய மாதம் அது. பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகளுக்கும் மதியச் சோறு உண்டு என்று தண்டோரா போட்டார்கள். முன்பு நெல் மூட்டை அடுக்கியிருந்த ஓட்டுக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து, வாசலில் 'குழந்தைகள் மையம்' என்று எழுதினார்கள். யாரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றும் பால்வாடிதான், இன்றும் பால்வாடிதான். எனக்கு அப்போது ஐந்து வயது முடியவில்லை.

கீரனூர்ப் பக்கம் எங்கள் ஊர். சுற்றிலும் கல் குவாரி. அம்மா ஜல்லி உடைக்கப் போவாள். வெயில் ஏறுவதற்குள் ஒரு பாதி வேலையை முடித்தாக வேண்டும் என்பதால் விடிந்தும் விடியாமலும் கிளம்பிவிடுவாள். போகிற வழியில் பால்வாடி ஆயா வீட்டுத் திண்ணையில் என்னை உட்கார வைத்துவிட்டுப் போவாள். மையத்தைத் திறக்கும்போது ஆயா என்னைக் கூட்டிப் போவார். அம்மா திரும்பி வரும்போது மையம் பூட்டியிருக்கும். ஆக, எனக்குச் சோறு போட்டுப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த டீச்சரும் என்னைப் பெற்ற அம்மாவும் நேருக்கு நேர் பேசி நான் பார்த்ததே இல்லை. அம்மா உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் யாரும் சொல்லவில்லை.

டீச்சர் என் கையைப் பிடித்து முதன்முதலாக 'அ' எழுத வைத்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. பல்பக் குச்சி கீச்சென்றது. எழுத்து கலைந்துவிடக்கூடாது என்று சிலேட்டைத் தட்டுப்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா வந்ததும் நீட்டினேன். அவள் வாங்கவில்லை. கையெல்லாம் கல்மாவு. தொட்டித் தண்ணீரில் முழங்கை வரை கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் வாங்கினாள்.

"இது என்னத்தா?"

"ஆனா."

"நீயா போட்ட?"

"டீச்சர் கையப் புடிச்சாங்க. நாந்தான் போட்டேன்."

விளக்கு வைக்கிற மாடத்தில் சிலேட்டைச் சாய்த்து வைத்தாள். நான் பக்கத்திலேயே இன்னொரு 'அ' போட்டுப் பார்க்கிறேன் என்றேன். "அது அழிஞ்சிரும், வேணாம்" என்றாள். ராத்திரி எழுந்து பார்த்தபோதும் அது அங்கேயே இருந்தது. மறுநாள் அப்படியே தூக்கிக்கொண்டு போனேன். மற்ற பிள்ளைகள் கோவை இலையைக் கசக்கித் துடைத்துப் பளபளவென்று கறுத்த சிலேட்டோடு வந்திருந்தார்கள். டீச்சர் என் சிலேட்டைப் பார்த்தார். "வீட்ல எழுதியே பாக்கலியா? போட்டுக் குடுத்தது அப்படியே இருக்கு. உங்கம்மா ஒண்ணும் சொல்லித்தரலியா?" என்று கேட்டுவிட்டு, ஒரு கோவை இலையை எடுத்து என்னிடம் நீட்டினார். நானே அழித்தேன். இதை அம்மாவிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை.

டீச்சர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகள், ஒரு ஆயா, விறகடுப்பு, அரிசிக்கும் பருப்புக்கும் எண்ணெய்க்கும் கணக்கு. எழுத்து என்பது அவருக்குப் பயிற்சி. பத்துத் தடவை போட்டு பத்துத் தடவை அழித்தால்தான் வரும். அம்மாவுக்கோ அது பத்திரப்படுத்த வேண்டிய பொருள். அந்த வீட்டுக்குள் அதுவரை ஒரு எழுத்தும் வந்ததில்லை. இருவரும் ஐந்து நிமிஷம் பேசியிருந்தால் போதும். அம்மா எனக்கு ஒரு சுவரையே எழுதக் கொடுத்திருப்பாள்.

அம்மாவுக்கு எழுத்துத்தான் தெரியாது. சொல் தெரியும். குவாரியில் அவளும் அத்தைமார்களும் க-பாஷை பேசுவார்கள். ஒவ்வொரு அசைக்கு முன்னாலும் ஒரு 'க' சேர்க்க வேண்டும். 'நாளைக்குக் கூலி கேப்போம்' என்பது 'கநா களைக் ககுக் ககூ கலி ககேப் கபோம்' ஆகிவிடும். பக்கத்தில் நிற்கும் மேஸ்திரிக்குத் தலையும் புரியாது, வாலும் புரியாது. சம்மட்டி விழுகிற வேகத்துக்கு அவர்கள் பேசுவார்கள். ராத்திரி எங்களிடமும் பேசுவாள். நானும் தம்பியும் அரைகுறையாகப் பதில் சொல்லிவிட்டு உருண்டு உருண்டு சிரிப்போம். விடுகதை போடுவாள். பேர் தெரியாத ஒரு ராஜாவின் கதையை மூன்று நாளைக்கு இழுப்பாள்.

அந்த க-பாஷை எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கு இருபது வருஷம் கழித்துத்தான் புரிந்தது. அங்கன்வாடிப் பணியாளர் பயிற்சியில் ஒரு அம்மையார் வந்து, 'பிள்ளை எழுத்தைப் பார்ப்பதற்கு முன்னால் சொல்லைக் காதால் உடைக்கப் பழக வேண்டும், பட்டாம்பூச்சிக்கு எத்தனை தட்டு என்று கைதட்டிக் காட்ட வேண்டும்' என்று விளக்கினார். தமிழில் எழுத்து பெரும்பாலும் அசையோடு போகிறது. 'மரம்' என்பதில் 'ம' ஒரு எழுத்து, 'ர' ஒரு எழுத்து. காதில் அந்தப் பிரிவு கேட்டுவிட்ட பிள்ளைக்குக் கண்ணில் எழுத்து சீக்கிரம் பிடிபடும். அந்த அம்மையார் பேசப் பேச, கல்மாவு படிந்த முகத்தோடு அம்மா எனக்குள் 'கபட் கடாம்' என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பால்வாடிக்கு வேண்டிய பாடம் அதன் வாசலைக் கடந்து தினமும் குவாரிக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டு எழுத்துக்கும் பள்ளி எழுத்துக்கும் சண்டை வந்ததும் உண்டு. எங்கள் தெருவில் எழுதப் படிக்கத் தெரிந்தவர் பெரியப்பா ஒருவர்தான். ஒன்றாம் வகுப்பில் நான் 'தலை' எழுதிப் பழக அவர் உதவினார். பழைய முறைப்படி, துதிக்கையைத் தூக்கிய யானை மாதிரி 'லை' போட்டுக் கொடுத்தார். 1978-இல் அரசு எழுத்துச் சீர்திருத்தம் கொண்டுவந்து ணை, லை, ளை, னை, ணா, றா, னா எல்லாவற்றையும் மாற்றிவிட்டது என்பது அவருக்கு யாரும் சொல்லாத செய்தி. சார் சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டார். பெரியப்பா அதற்குப் பிறகு என் நோட்டைத் தொடவே இல்லை. படித்த மனிதர், தன் படிப்பு செல்லாது என்று நினைத்துவிட்டார். ஒரே ஒரு வாக்கியம், 'எழுத்து மாறியிருக்குங்க' என்று ஒரு வாக்கியம், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து எங்கள் தெருவுக்கு வந்திருக்கலாம்.

1991-இல் எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தது. ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த நேரம். தெருவில் நாடகம் போட்டார்கள், பாட்டுப் பாடினார்கள், பெண்கள் கூட்டம் கூட்டமாக சைக்கிள் பழகினார்கள். நான் அப்போது ஒன்பதாம் வகுப்பு. எங்கள் தெருவுக்குத் தொண்டர் ஆள் போதவில்லை என்று என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். என் முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் என் அம்மா, இரண்டு அத்தைமார், ஆயா. ஆம், பால்வாடி ஆயாவும்தான். ஒன்பது வருஷமாக எழுத்துகளுக்கு நடுவில் சோறு வடித்தவர், பெயர் எழுதத் தெரியாமலே இருந்திருக்கிறார்.

அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் முதல் வாரம் அம்மா திணறினாள். சம்மட்டி பிடித்துக் காய்த்த விரல்களுக்குள் பென்சில் நிற்கவில்லை. இரண்டாவது வாரம் ஒரு சொல்லைக் காட்டி, இதை உடைத்துச் சொல்லு என்றேன். அவள் யோசிக்கவே இல்லை. க-பாஷையில் சொன்னாள். அத்தைமார் சிரித்தார்கள். நான் ஒவ்வொரு 'க'வுக்கும் ஒரு எழுத்தை விரலால் மறைத்துக் காட்டினேன். "அட, நாம பேசுறதத்தான் எழுதி வச்சிருக்காங்களா" என்றாள் அம்மா. அதற்கப்புறம் அவளைப் பிடிக்க முடியவில்லை. பஸ்ஸின் ஊர்ப்பலகை, உர மூட்டை, மிட்டாய் சுற்றிய காகிதம், கூலிக் கணக்கு நோட்டு எல்லாவற்றையும் எழுத்துக்கூட்டினாள். தம்பி அப்போது மூன்றாம் வகுப்பு. அவனுக்கு வாசிப்பு பின்தங்கியிருந்தது. அம்மா தன் அறிவொளிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு அவனோடு போட்டி போட்டாள். யார் முதலில் ஒரு பக்கம் முடிக்கிறார்களோ அவர்களுக்கு முட்டை. அந்த வருஷம் தம்பியும் வாசிக்கத் தொடங்கினான். பள்ளிக்கூடத்துக்கு அதில் ஒரு பங்கும் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த முட்டைக்குப் பெரிய பங்கு உண்டு.

2003-இல் நானே அங்கன்வாடிப் பணியாளர் ஆனேன். பயிற்சியில் 'அங்கன்' என்றால் முற்றம் என்று சொன்னார்கள். மகாராஷ்டிரத்தில் தாராபாய் மோடக் என்ற அம்மையார், ஒதுக்கப்பட்ட பிள்ளைகள் தன் பால்வாடிக்கு வரவில்லை என்றதும், அந்தப் பிள்ளைகளின் வீட்டு முற்றத்துக்கே பால்வாடியைக் கொண்டுபோனாராம். அதுதான் அங்கன்வாடி. பெயரே அப்படி. 1975 அக்டோபர் 2-ஆம் தேதி தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் அந்தப் பெயரை நாடு முழுக்க எடுத்துப்போனது.

இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டு வந்த நானும், முதல் நான்கைந்து வருஷம், அம்மாக்களைப் படியிலேயே நிறுத்தினேன். எடை போடக் கூப்பிட்டேன், சத்துமாவு வாங்கக் கூப்பிட்டேன், தடுப்பூசிக்குக் கூப்பிட்டேன். மாதக் கூட்டத்தில் இரும்புச் சத்து பற்றியும் அயோடின் உப்பு பற்றியும் பேசினேன். எழுத்து பற்றி, கதை பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கூலிக்குப் போகிற பெண்கள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். என் அம்மாவின் வயிற்றில் பிறந்துவிட்டு அப்படி நினைத்தேன். இது எனக்கு மாறாத வருத்தம்.

என்னை மாற்றியது அம்மாதான். ஒருநாள் உதவியாளருக்குக் காய்ச்சல். சமையலுக்குக் கை வேண்டும் என்று அம்மாவை வரச்சொன்னேன். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே, பக்கத்தில் நின்ற ஒரு பொடிசிடம் "ககஞ் கசி கவே கணு கமா?" என்று கேட்டாள். அவன் திகைத்தான். அப்புறம் சிரித்தான். பத்து நிமிஷத்தில் மொத்த மையமும் அவளைச் சுற்றி. பிள்ளையைக் கூப்பிட வந்த அம்மாக்கள் படியில் நின்றபடி கேட்டார்கள். ஒருத்தி, "எங்க ஊர்ல வேற மாதிரி சொல்லுவோம் டீச்சர்" என்று உள்ளே வந்தாள். அவள் பின்னாலேயே இன்னொருத்தி.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை மதியம் அம்மாக்களுக்கு. கதை சொல்லலாம், விடுகதை போடலாம், பூக்கட்டிக் காட்டலாம். பூக்கட்டுவதைச் சாதாரணமாக நினைக்கக்கூடாது. பிறக்கும்போது மணிக்கட்டின் 8 எலும்பும் குருத்தெலும்புதான். அவை ஒவ்வொன்றாகக் கெட்டிப்பட்டு முடியப் பத்து வயதாவது ஆகும். மூன்று வயதுக் கையில் பென்சிலைத் திணித்து வரிவரியாக எழுத வைப்பது அந்தக் கைக்குப் பாரம். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு மல்லிகைக் காம்பைப் பிடித்தால், சோற்றுப் பருக்கையைப் பொறுக்கினால், களிமண்ணை உருட்டினால், அந்த விரல்கள் நாளைக்குப் பென்சிலைத் தானாகப் பிடிக்கும். நான் சொன்னால் நம்பாத தாய்மார், தாங்களே செய்து காட்டும்போது நம்பினார்கள்.

பேச்சும் அப்படித்தான். பிள்ளை 'கெணறு' என்பான், படத்தின் கீழே 'கிணறு'. அவன் 'வந்துருச்சு' என்பான், புத்தகம் 'வந்தது'. தமிழில் வாசிக்கப் பழகுகிற எல்லாப் பிள்ளையும் தாண்ட வேண்டிய வாய்க்கால் இது. 'கெணறுன்னு சொல்லாதே' என்று அதட்டினால் அவன் வாயை மூடிக்கொள்வான். 'ஆமா, கெணறு. இங்க அத கிணறுன்னு எழுதியிருக்காங்க' என்றால் தாண்டிவிடுவான். அவன் அம்மா அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் வீட்டிலும் அதையே சொல்வாள்.

எல்லாம் சுமுகமாகப் போனது என்று எழுதினால் பொய். எழுத எளிதான ட, ப, ம என்று தொடங்கினேன். மூன்று எழுத்து வந்தால் 'படம்' வாசிக்கலாம், 'பட்டம்' வாசிக்கலாம், 'மடம்' வாசிக்கலாம். மூன்று மாதத்தில் ஒரு தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "பக்கத்து வீட்டுப் புள்ள ஏபிசிடி முழுசா எழுதுது. இவனுக்கு ஆனா, ஆவன்னாகூட வரல." நான் சுவரில் 'பட்டம்' என்ற சொல்லைக் காட்டினேன். பையன் வாசித்தான். அவள் முகம் ஒரு கணம் மலர்ந்தது. "சரிங்க டீச்சர், ஆனா வேன் வருதே" என்றாள். அடுத்த ஜூனில் தனியார் பள்ளியின் மஞ்சள் வேனில் ஏற்றிவிட்டாள். தோற்றது நான்தான். ட, ப, ம-வில் ஏன் தொடங்குகிறேன் என்பதை ஜூன் மாதமே அவளைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்க வேண்டும். 2019 ஜனவரியில் அரசு நடுநிலைப்பள்ளி வளாகங்களில் உள்ள 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கினார்கள். அந்த வேன்களுக்குப் பதில் சொல்லத்தான் அது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

இப்போது என் பேத்திக்கு நான்கு வயது. திருப்பூரில் ஒரு தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. என் மகள் பி.காம். படித்தவள், பனியன் கம்பெனி ஒன்றில் கணக்குப் பார்க்கிறாள். அவளை யாரும் படியில் நிறுத்துவதில்லை. குளிரூட்டிய அறையில் நாற்காலி போட்டு உட்கார வைக்கிறார்கள். தினமும் மாலை நான்கு மணிக்கு வாட்ஸ்அப்பில் செய்தி வந்துவிடும்: இரண்டு பக்கம் ஆங்கில எழுத்து, ஒரு பக்கம் தமிழ், ஒன்றிலிருந்து ஐம்பது வரை எண்கள், பெற்றோர் ஒத்துழைப்புத் தேவை. ராத்திரி ஒன்பது மணிக்கு, தூக்கத்தில் சாய்கிற பிள்ளையின் கையைப் பிடித்து மகள் எழுதுகிறாள். அந்த எழுத்து யாருடையது என்று டீச்சருக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு நானும் கூடப் போனேன். 'வகுப்பில் பேசுவதே இல்லை' என்று குறிப்பு எழுதியிருந்தார்கள். என் பேத்தியா? முந்தின நாள் ராத்திரிதான், "அம்மாச்சி, பல்லி டியூப்லைட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்கிட்டு பூச்சி வருதான்னு பாத்துக்கிட்டு இருக்கு" என்றாள். விசாரித்ததில், வகுப்பில் பல்லிப் படத்தைக் காட்டியபோதும் இதைத்தான் சொல்லியிருக்கிறாள். 'லிசார்ட்' என்று சொல்லச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னாள். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டிலும் ஆங்கிலத்தில் பேசுங்கள், அப்போதுதான் வரும் என்று மகளுக்கு அறிவுரை.

எனக்கு நெஞ்சு அடைத்தது. 1982-இல் அம்மா வெளியே நின்றாள், அவள் சொல்லை நான் வாய்க்குள் வைத்து உள்ளே கொண்டுபோனேன். இங்கே அம்மாவை உள்ளே உட்கார வைத்துவிட்டு, அவள் வீட்டுச் சொல்லை வெளியே விட்டு வரச் சொல்கிறார்கள்.

அந்த டீச்சருக்கு இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இருக்கும். மதியச் சாப்பாடு சாப்பிட்டிருப்பாரா என்று தெரியவில்லை, உதடு உலர்ந்திருந்தது. நான் அவரைக் குறை சொல்லவில்லை. நானும் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவள்தான் என்று சொன்னேன். அங்கன்வாடி என்றேன். பல்லியைப் பற்றி அவள் சொன்ன முழு வாக்கியத்தைச் சொன்னேன். "ஒன்பது சொல்லும்மா. நாலு வயசுப் புள்ள ஒன்பது சொல்ல ஒரே மூச்சுல கோத்திருக்கு. அதத் தமிழ்லயே சொல்லவிட்டு, அப்புறம் லிசார்ட் குடுங்க. அதையும் வாங்கிக்குவா." அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "எங்க அப்பாயியும் இப்படித்தான் கதை சொல்லும்" என்றார். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளையில் பத்து நிமிஷம் ஒரு அம்மா வந்து கதை சொல்லலாமா என்று கேட்டேன். மேடத்திடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் கழித்து மகளுக்குச் செய்தி வந்தது. வருகிற வெள்ளி, 2:50 மணி, நீங்களே தொடங்குங்கள், தமிழில் சொல்லலாம்.

மகள் பயந்துவிட்டாள். "எனக்கு என்னம்மா கதை தெரியும்? நானே நாலாவதுல இருந்து டியூஷன்லதானே இருந்தேன்." அதுவும் உண்மைதான். மற்ற பிள்ளைகளுக்குப் பாட்டும் கதையுமாய் நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து, என் பிள்ளைக்கு நான் சொன்ன கதைகள் குறைவு.

ராத்திரி பத்து மணிக்கு ஊருக்குப் போன் போட்டோம். அம்மாவுக்கு 68 வயது, காது கொஞ்சம் மந்தம், குரல் மட்டும் குவாரிக் குரல். போனை ஸ்பீக்கரில் வைத்தோம். பேர் தெரியாத ராஜாவின் கதைதான். மூன்று நாள் கதையைப் பத்து நிமிஷத்துக்குச் சுருக்கச் சொன்னதற்கு முதலில் திட்டினாள். பிறகு ராஜாவின் குதிரையை விட்டுவிடலாம், கிணற்றை மட்டும் விடக்கூடாது என்று ஒப்புக்கொண்டாள். மகள் பேத்தியின் ஹோம்வொர்க் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வேகவேகமாக எழுதினாள். அடுத்த அறையில் தூங்குகிறாள் என்று நாங்கள் நினைத்த பேத்தி, கதவு மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுதிட்டியா?" என்றாள் அம்மா.

"எழுதிட்டேன் அம்மாச்சி."

"எங்க, வாசிச்சுக் காட்டு. கெணறுன்னு போட்டியா, கிணறுன்னு போட்டியா?"